பிரேக் விஷயமாக

பிரேக் பிடிப்பதில் ஒரு குறையும் இல்லை. விடுவதில்தான் தகராறு.

சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில், தர்மராஜின் வெல்டிங் பட்டறை வாசலில், அந்தப் படகு டிரெய்லர் பாதி உள்ளேயும் பாதி தெருவிலுமாக நின்றது. பிக்கப் வண்டியில் கட்டி முன்னால் இழுத்தபோது சமர்த்தாக வந்தது. பின்னால் தள்ளி உள்ளே விடப் பார்த்தால் இரண்டு சக்கரங்களும் இறுகிக்கொண்டன. வண்டியில் உட்கார்ந்திருந்த வெல்டர் பார்த்திபன் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தான். டிரெய்லர் பின்னால் போகவில்லை. பக்கவாட்டில் வழுக்கிப் போய் இரும்புக் கேட்டைத் தூணோடு சேர்த்துச் சாய்த்தது.

"அண்ணாத்த, கேட்டு பூட்ச்சி," என்றான் பார்த்திபன் தலையை வெளியே நீட்டி.

தர்மராஜ் டீ கிளாஸோடு வெளியே வந்தார். கேட்டைப் பார்த்தார். பிறகு கேசவனைப் பார்த்தார். பட்டறையில் டிப்ளமோ படித்தவன் அவன் ஒருவன்தான். அதனால் யாருக்கும் புரியாத தப்பெல்லாம் அவனுடையது.

"இன்னாடா ஆச்சி?"

"ஓவர்ரன் பிரேக் மொதலாளி. முன்னாடி போற வண்டி ஸ்லோ ஆச்சின்னா பின்னாடி வர்ற டிரெய்லர் போய் அத முட்டும் இல்லியா? அந்த முட்டுலயே ஒரு கம்பி இழுபட்டு டிரெய்லருக்குத் தானா பிரேக் புடிச்சிக்கும். டிரைவர் ஒண்ணும் செய்யத் தேவையில்ல."

"நல்லதுதானே?"

"ரிவர்ஸ் எடுத்தாலும் முட்டுது. அதயும் பிரேக்குன்னு நெனச்சிக்குது."

"அப்ப ரிவர்ஸ் எடுக்க வோணாம்னு சொல்லிடு."

"படகு டிரெய்லர் மொதலாளி. ரிவர்ஸ்லதான் தண்ணில எறக்கணும்."

தர்மராஜ் நிதானமாக ஒரு வாய் டீ குடித்தார். "இருவது வருசமா டிராக்டருக்கு டிரெய்லர் செஞ்சி குடுக்கறேன். ஒண்ணுத்துக்காவது பிரேக்கு வெச்சிருக்கனா? கரும்பு ஏத்திக்கினு மதுராந்தகம் வரைக்கும் போயிக்கினுதான் கீது. எவனாவது வந்து பிரேக்கு எங்கன்னு கேட்டானா?"

"கேக்கற நெலமையில இருந்திருக்க மாட்டான்," என்றான் பார்த்திபன்.

"நீ மூடு. டேய் கேசவா, அந்தம்மாவ கேட்டு இன்னிக்கி ஒரு முடிவு சொல்லு. மூணு மாசமா ஒரு பிரேக்கு. மூணு மாசத்துல நான் வூடே கட்டி குடி போயிட்டேன்."

"ஏழு மணிக்குக் கேட்டுடறேன் மொதலாளி."

"இப்ப கேட்டா இன்னா?"

"அந்தம்மா ஏழு மணிக்குதான் ஃப்ரீ."

அது பொய். மாமல்லபுரத்து சௌந்தரவல்லி மேடம் எப்போது ஃப்ரீ என்று கேசவன் கேட்டதே இல்லை. ஏழு மணி என்பது அவன் அறைக்குத் திரும்பும் நேரம்.

அறை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கூட இருந்தவன் கல்யாணமாகி ஓசூர் போய் ஒரு வருடம் ஆகிறது. அவனுடைய ஒரு சட்டை மட்டும் இன்னும் ஆணியில் தொங்கியது. அப்பா அம்மா செய்யூர் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். யாருக்காவது கல்யாணம் வைத்தால் அண்ணன் போன் செய்வான். சென்ற வருடம் யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படுக்கப் போகும்போது கேசவனுக்கு ஒரு யோசனை வந்தது. அன்று தான் என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பார்த்தான். "ரெண்டு", "சாம்பார்", "போதும்". அவ்வளவுதான். மூன்றும் மெஸ்காரரிடம் பேசியவை. இன்னொரு நாள் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் போன் செய்தாள். கேசவன் வட்டி எவ்வளவு, எத்தனை வருடம், நடுவில் கட்டினால் குறையுமா என்றெல்லாம் நிறுத்தி நிதானமாகக் கேட்டான். உங்கள் ஊர் எது என்று கேட்டான். கடைசியில் அந்தப் பெண்ணே, "சார், வேற கால் பேசணும், வெச்சிடட்டுமா?" என்று கெஞ்சி வைத்துவிட்டாள்.

மாசி மாதம் படகு டிரெய்லருக்கு ஆர்டர் வந்தது. தர்மராஜ் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்து, பிரேக்கு மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு நிமிட வேலை.

"மேடம், பட்டறையிலேர்ந்து கேசவன். பிரேக் விஷயமா கூப்பிட்டேன். டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா?"

"எது நல்லது கேசவன்?"

எது நல்லது என்று கேசவனிடம் யாரும் எதைப் பற்றியும் கேட்டு நெடுநாளாகியிருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான். டிரம் என்பது மூடிய டப்பா மாதிரி, கடல் தண்ணீர் உள்ளே போனால் மணலோடு அங்கேயே தங்கிவிடும். டிஸ்க் திறந்திருப்பதால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம், ஆனால் காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரண்டுக்கும் துருதான் எதிரி.

"துரு ஆரம்பத்துல தெரியாது இல்லையா?" என்றாள் அந்த அம்மாள். "எல்லாரும் வலிச்சப்புறம்தான் வருவா."

வண்டியைப் பற்றி மட்டும் சொன்ன மாதிரி கேசவனுக்குத் தோன்றவில்லை. வைத்துவிட்டுப் பார்த்தபோது இருபத்தேழு நிமிடம் ஓடியிருந்தது. அந்த அம்மாள் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. அவளாக முதலில் வைக்கவும் இல்லை.

அன்றிரவு மெஸ்ஸில் தோசையைப் பிய்த்தபடி கேசவன் ஒரு முடிவுக்கு வந்தான். அந்த அம்மாளுக்குப் பேச ஆளில்லை.

அதற்கப்புறம் அதற்கான அடையாளங்கள் வந்துகொண்டே இருந்தன. எப்போது கூப்பிட்டாலும் இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் வேறு குரலே கேட்காது. ஒரு நாள் பேச்சுக்கு நடுவே, "ஒரு நிமிஷம் இருங்கோ," என்றாள். விர்ரென்று மிக்ஸி ஓடியது. உடனே நின்றுவிட்டது. ஒரே ஒரு ஆளுக்குச் சட்னி அரைத்தால் அவ்வளவு நேரம்தான் ஓடும் என்று கேசவனுக்குத் தெரியும்.

"பாவம்டா அந்தம்மா," என்றான் மறுநாள் பார்த்திபனிடம். "தனி ஆளு. படகு ஒண்ணு வாங்கி வெச்சிக்கினு கடலப் பாத்துக்கினு உக்காந்திருக்காங்க. நம்மகிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசினா அவங்களுக்கு ஒரு ஆறுதல்."

"பத்து நிமிஷமா? நேத்து நான் உன்ன முக்கா மணி நேரம் கூப்ட்டேன். பிஸி பிஸின்னே வருது."

"டெக்னிக்கல் விஷயம்டா."

"மச்சான், அந்தம்மாவுக்கு ஆறுதலு. ரைட்டு. உனுக்கு?"

"எனுக்கின்னா? எனுக்கு வேலதான்."

சித்திரை ஒன்றாம் தேதி பட்டறைக்கு லீவு. ஆனாலும் கேசவன் ஏழு மணிக்குக் கூப்பிட்டான். நல்ல நாளும் அதுவுமாக அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்திருப்பாளே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"கேசவன், நானே பேசணும்னு இருந்தேன்," என்றாள். "இந்தப் படகு விஷயமா ஒண்ணு சொல்லணும். அதாவது..." நிறுத்தினாள். "இன்னிக்கு எங்கே சாப்ட்டேள்?"

"மெஸ் லீவு மேடம். பன்னு வாங்கி வெச்சிருக்கேன். டீ கட தொறந்திருந்திச்சி."

"பன்னா? வருஷப் பொறப்புக்கா?"

"படகு விஷயமா என்னவோ சொல்ல வந்தீங்க மேடம்."

"ஒண்ணுமில்லே. அந்த டிஸ்க்குல சில்வர் கலர்ல ஏதோ பூச்சு இருக்குன்னேளே, துத்தநாகமா, அதைச் சொல்லுங்கோ."

சொல்ல வந்ததுகூட மறந்துபோகிற அளவுக்குத் தனிமை ஒரு ஆளை என்ன செய்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு, கேசவன் துத்தநாகப் பூச்சைப் பற்றி நாற்பது நிமிடம் சொன்னான்.

கேட் சாய்ந்த அன்று ஏழு மணிக்கு அவன் உண்மையிலேயே முடித்துவிடலாம் என்றுதான் போனை எடுத்தான். ஒரு வழி இருந்தது. பின்னால் எடுக்கும்போது மட்டும் கம்பியை இழுபடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஊசி மாட்டினால் போதும். இறக்கியதும் ஊசியைக் கழற்றிவிட வேண்டியது. ஐம்பது ரூபாய் வேலை. டிரம் பிரேக், ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்தால் பதினைந்து வருடம் உழைக்கும்.

"அப்போ டிரம்மே போதும் மேடம். முடிவா சொல்றேன்."

"அப்போ பிரேக் விஷயம் முடிஞ்சுதா?"

"ஆமா மேடம். முடிஞ்சிச்சி." சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். மெஸ் சாம்பாரில் புளி அதிகம்.

கேசவன் சுவரைப் பார்த்தான். அறை நண்பனின் சட்டை மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது.

"இருங்கோ கேசவன், அவசரப்படாதீங்கோ," என்றாள் அந்த அம்மாள். "ஆயில் பிரேக்னு ஒண்ணு சொன்னேளே முன்னாடி. அதைப் பார்க்காம எப்படி முடிவு பண்றது?"

"ஆமா மேடம்," என்றான் கேசவன் உடனே. "அதப் பாக்கவே இல்ல."

எப்படியெல்லாம் சாக்கு தேடுகிறார்கள், பாவம். அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மறுநாள் ஊசி மாட்டப்பட்டது. ரிவர்ஸ் பிரமாதமாகப் போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிய சந்தோஷத்தில் ஊசியைக் கழற்ற மறந்து, பார்த்திபன் அப்படியே டிரெய்லரை இழுத்துக்கொண்டு சுற்றுக்குப் போனான். ரயில்வே கேட்டில் பிக்கப் நின்றது. டிரெய்லர் நிற்கவில்லை. பிக்கப்பின் பின்கதவு டிரெய்லரின் மூக்கோடு பட்டறைக்கு வந்தது.

"ஊசி ஆவாது," என்றார் தர்மராஜ்.

கேசவன் ஆயில் பிரேக் வாங்கி வந்தான். பழையதைக் கழற்றவில்லை. அந்த அம்மாள் மனசு மாறினால் என்ன செய்வது? ஆயில் பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் ஆனி மாத வெயிலில் மத்தியானம் வெளியே நின்றபோது உள்ளே ஆயில் சூடாகி உப்பி, யாரும் மிதிக்காமலே பிடித்துக்கொண்டது. சாயந்திரம் நிழல் வந்ததும் தானாக விட்டது. அந்த நேரம் பார்த்து அதன்மேல் சாய்ந்து போன் பேசிக்கொண்டிருந்த தர்மராஜ் டிரெய்லரோடு கொஞ்ச தூரம் போனார்.

ஏழு மணிக்கு அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். தர்மராஜ் போன கட்டம் வந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் கேசவனும் சிரித்தான். அறையில் அவன் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

"கரண்ட்ல ஏதோ பிரேக் உண்டாமே கேசவன்?" என்றாள் சிரிப்பு அடங்கியதும்.

"உண்டு மேடம். காந்தம் வெச்சிருக்கும். ஆனா உப்புத் தண்ணிக்கு அது..."

"பார்த்துடலாமே."

கரண்ட் பிரேக்கும் வந்தது. பேட்டரி, ஒயர், சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. பழைய இரண்டும் அப்படியே இருக்க, மூன்றாவதாக இதையும் மாட்டினார்கள். ஒயரிங் பார்த்திபனுடையது. அவன் வெல்டிங்கில் கெட்டிக்காரன். சிக்னல் விளக்கின் ஒயரும் பிரேக்கின் ஒயரும் ஒரே நிறத்தில் இருந்தது அவன் குற்றமில்லை. இடப்பக்கம் சிக்னல் போட்டால் இடச் சக்கரம் நின்றது. வலப்பக்கம் போட்டால் வலச் சக்கரம் நின்றது.

"இது டிரெய்லரா, பிரேக்கு கடையா?" என்றார் தர்மராஜ்.

"அந்தம்மா வந்து பாத்து எது வோணுமோ எடுத்துப்பாங்க மொதலாளி."

"எப்ப வருவாங்க? நாளன்னிக்கி ஆடி பொறக்குது. ஆடியில எவன்டா புது வண்டி எடுப்பான்? ஒரு மாசம் இத வெச்சிக்கினு நான் எங்க போறது, டிராக்டர் டிரெய்லர் மூணு வாசல்ல நிக்கிது. நாளைக்கி சாயங்காலம் இது மாமல்லபுரத்துல இருக்கணும். இல்லாங்காட்டி நீயும் இதுவும் ஒண்ணா வெளிய பூடுங்க."

அன்று ஏழு மணிக்கு விஷயத்தைச் சொன்னபோது அந்த அம்மாளின் குரலில் பதற்றமே வந்துவிட்டது.

"நாளைக்கா? நாளைக்கு வேண்டாமே கேசவன். எதுக்கு அவசரம்? ஆடி கழியட்டுமே."

"ஆடியில எடுக்க மாட்டாங்கன்னுதான் மேடம்..."

"நேக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லே. ஆடி கழிஞ்சு, ஆவணி கழிஞ்சுகூட வச்சுக்கலாம். நிதானமா பேசிட்டு முடிவு பண்ணலாம்."

கேசவன் வெகுநேரம் மொட்டைமாடியில் நின்றான். ஊரில் எல்லோரும் ஆடிக்கு முன்னால் வண்டி வேண்டும் என்று வந்து நிற்பார்கள். ஆவணி கழியட்டும் என்று யார் சொல்வார்கள்? இன்னும் இரண்டு மாதம் ஏழு மணிக்கு ஒரு குரல் வரட்டும் என்று நினைக்கிறவர்கள்தான் சொல்வார்கள். மூன்று பிரேக்குகளும் அவன் செய்த பாவம். முதல் நாளே டிரம் போதும் என்று அவனுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்காகத்தான் இழுத்தடித்தான். நாளைக்கு நேரில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டு, பிரேக் இல்லாவிட்டாலும் தினம் கூப்பிடுகிறேன் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாவிட்டால் நாளை மறுநாள் ஏழு மணி எப்படி இருக்கும் என்று யோசித்தான். அந்த அம்மாளுக்கு எப்படி இருக்கும் என்றுதான்.

மறுநாள் நாலு மணிக்குக் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பார்த்திபன் வண்டியை எடுத்தான். வெயிலில் நின்றிருந்ததால் ஆயில் பிரேக் பிடித்திருந்தது. சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டே போனதில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கவில்லை. தள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தன. தர்மராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பிரேக்கைக் குளிர வைத்துக் கிளப்பினார்கள். செங்கல்பட்டு தாண்டி, கொளவாய் ஏரிக் காற்று பட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. திருக்கழுக்குன்றம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. பார்த்திபன் சிக்னலே போடாமல், கையைக் காட்டிக் காட்டி ஓட்டினான்.

பூஞ்சேரி முனையில் எதிரே பஸ் வரவும், பழக்கத்தில் கை தானாகப் போய் வலப்பக்க சிக்னலைப் போட்டது. வலச் சக்கரம் நின்றது. டிரெய்லர் திரும்பிப் போய் பிக்கப்பை முட்டியது. முட்டியதும் கம்பி இழுபட்டது. பார்த்திபன் பயந்துபோய் மிதித்தான். ஆயிலும் பிடித்தது. மூன்று பிரேக்கும் முதல் தடவையாக ஒன்றாக வேலை செய்தன. டிரெய்லர் ரோட்டுக்குக் குறுக்கே, யாரோ அளந்து வைத்த மாதிரி நின்றது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "யோவ், இன்னாய்யா இது?"

"பிரேக்குண்ணா," என்றான் கேசவன்.

"எங்க வண்டியிலயும்தான் பிரேக்கு கீது. நாங்க புடிச்சா வுடறோம் இல்ல?"

"இது வுடாதுண்ணா."

பத்துப் பேர் சேர்ந்து தள்ளினார்கள். அசையவில்லை. ஒருவர் டிரெய்லரைச் சுற்றி வந்து, "படகு எங்கப்பா?" என்றார். மாமல்லபுரத்தில் இருக்கிறது என்றதும், "அப்ப அத இங்க எடுத்தாந்து வெச்சிக்கோங்க. இது எங்கயும் வராது," என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பார்த்திபன் வண்டியிலிருந்து கேஸ் கட்டரை எடுத்தான். "மச்சான், நீ போய் அந்தம்மாவ கூட்டிக்கினு வா. எந்த பிரேக்கு வோணும்னு ஒரே வார்த்தையில சொல்லட்டும். மீதி ரெண்டையும் இங்கயே அறுத்துப் போட்டுர்றேன். பெரிய பேஜாரா பூட்ச்சி."

கேசவன் ஷேர் ஆட்டோவில் ஏறினான். இரண்டு மீன்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தான். நீங்க தனியா இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். நான் இருக்கேன் மேடம். இரண்டாவது வாக்கியம் அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. பிரேக் இல்லாட்டியும் கூப்பிடறேன் மேடம். அது நன்றாக இருந்தது.

ராஜ வீதிக்குப் பின்னால் இறங்கி, துண்டுக் காகிதத்தைக் காட்டி விசாரித்தான். காட்டிய வீட்டு வாசலில் இருபது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. மேலே பலகையில் பெரிதாக ஒரு கடைவாய்ப் பல் வரைந்திருந்தது. கீழே 'டாக்டர் சௌந்தரவல்லி, பல் மருத்துவர்' என்று எழுதியிருந்தது.

கேசவன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போனான்.

கூடம் நிறைய ஆட்கள். கன்னத்தைப் பிடித்தபடி சிலர், அவர்களுக்குத் துணையாக வந்து ஊர்க்கதை பேசியபடி பலர். டோக்கன் மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பார்த்து, "அம்மா, அப்பா காபி போட்டாச்சு, ஆறிடப்போறது," என்றாள். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரலும், அவனுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சிரிப்பும் வந்தன.

கேசவன் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு வயதான அம்மாள், ஒரு பக்கக் கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள். டோக்கன் மேஜைப் பெண் அவளிடம், "வேண்டாம்மா, பஞ்சை இன்னும் பத்து நிமிஷம் எடுக்கப்படாது," என்று சொன்னாள். அந்த அம்மாள் தலையாட்டினாள்.

சரி, டாக்டர். வீட்டுக்காரர் இருக்கிறார். மகள் இருக்கிறாள். ஆனால் மனசு விட்டுப் பேச ஆள் வேண்டாமா? பல் வலிக்காரர்களிடம் எதைப் பேசுவது? இத்தனை கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பது இன்னும் கொடுமை. கேசவன் அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

மகள் எழுந்து நின்றாள். "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருங்கோ. அம்மாவுக்கு போன் வர்ற நேரம்."

கூடம் சட்டென்று அடங்கியது. யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. பழகியவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருவர் இருமல் வந்து வெளியே போய் இருமிவிட்டு வந்தார். பாதி திறந்திருந்த கதவு வழியாகக் கேசவன் பார்த்தான். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள், ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றிருந்தாள். நாற்காலியில் ஒருவர் ஆவென்று வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று.

"இன்னிக்கி இன்னும் வரலியே," என்று ஒரு ஆள் கிசுகிசுத்தார்.

"வரும், வரும்," என்றார் இன்னொருவர்.

கேசவனுக்குக் கண் கலங்கியது. மொத்த ஊருக்கும் தெரிந்திருக்கிறது. அவனுடைய ஒரு போனுக்காக இந்த அம்மாள் எப்படிக் காத்துக்கொண்டு நிற்கிறாள். எழுந்து உள்ளே போய்விடலாம் என்று கையை ஊன்றினான். அதற்குள் வெள்ளைக் கோட்டு அம்மாள் போனில் எதையோ அழுத்திக் காதில் வைத்தாள். கேசவனின் சட்டைப் பைக்குள் அவன் போன் சத்தமில்லாமல் அதிர ஆரம்பித்தது.

அவன் அதை மேலேயே கையால் பொத்திக்கொண்டான். பக்கத்திலிருந்த பஞ்சு வைத்த அம்மாளிடம் குனிந்து, ஒன்றும் தெரியாதவன் போல, "யாரு போனுக்கும்மா டாக்டர் இப்படி காத்துக்கினு இருக்காங்க?" என்று கேட்டான், பதிலைக் காதால் கேட்கும் ஆசையில்.

அவள் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "எவனோ பட்டறையில வேல செய்ற புள்ளயாம் தம்பி, பேச ஒரு நாதி இல்லியாம், படக வித்து மூணு மாசம் ஆவுது, அதச் சொன்னா அந்தப் புள்ள யார்கிட்ட போயி பேசும், பாவம்னு சொல்லி, தெனம் ஏழு மணிக்கு எங்கள வாயத் தொறந்து உக்கார வெச்சிட்டு, டாக்டரம்மா பிரேக்கு கேட்டுக்கினு கீறாங்க."